காவிரியில் விட்ட நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒரு நாடகம். வேற்றுக் கிரகத்துக்குப் போகிறவன் கதை. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரைச் சுற்றி அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். ராக்கெட் கிளம்புகிற சத்தம் வந்தது... யாரோ தகரத்தை உருட்டியிருப்பார்கள். அதற்கே வாயைப் பிளந்தோம்.

பாதியில் என் மனைவி ராஜம்மா எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தாள்.

“உங்க வூட்டுல அக்காவுக்கு நாடகம்னா ஆவாதுங்களா?” என்று கேட்டார் பக்கத்து நிலத்துக்காரர்.

ஆகாதா? அவளுக்கா?

எட்டாவதோடு நின்ற நான் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எதையோ எழுதுகிறேன், நீங்களும் படிக்கிறீர்கள். ஐந்தாவது படித்த ராஜம்மா ஒரு காலத்தில் முழு நாடகமே எழுதினாள். கடலைக்காய் உரித்துக்கொண்டே ரேடியோ கேட்டுக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய. மனுஷன் நிலாவில் இறங்காத காலம் அது.

கதை இதுதான். எங்கள் ஏரியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி நிலாவுக்குப் போய்விடுகிறாள். அங்கே யாருமில்லை. அண்ணாந்து பார்த்தால் நம் பூமி பிறை மாதிரி நிற்கிறது. மூன்றாம் பிறையைப் பார்த்தால் நாம் துணியில் ஒரு நூல் பிரித்துப் போட்டுக் கும்பிடுவோமே... அவளும் முந்தானையில் ஒரு நூலை எடுத்து பூமிக்குப் போட்டுக் கும்பிடுகிறாள்.

ரேடியோவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் நோட்டைக் கொடுத்தாள். படித்ததும் எனக்குப் பகீரென்றது.

“பிறை ஈஸ்வரன் தலையில இருக்குது. அங்க போயி கால வெக்கறதா?” என்று கேட்டேன்.

“செருப்பக் கழட்டிப்போட்டுத்தாங்க எறங்கறா. அப்படித்தான் எழுதியிருக்கறன்.”

நான் மசியவில்லை. அனுப்பவும் இல்லை. கிழித்தேனா, அடுப்பில் போட்டேனா என்றால் அதுவும் இல்லை. எழுத்து சரஸ்வதி அல்லவா? பாவம் வரக்கூடாதே! ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனோம். நோட்டுக்கு மஞ்சள் தடவி, பூ வைத்து, கற்பூரம் காட்டி, பழைய ஏடுகளை விடுகிற மாதிரி மரியாதையாகத் தண்ணீரில் விட்டேன். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் ராஜம்மா.

“என்னங்க, பையன் பெயிலாயிட்டானா?” என்று சிரித்தார் ஒரு பரிசல்காரர்.

அடுத்த வருஷம் ஆடி பிறந்து நாலைந்து நாள்தான். மனுஷன் நிலாவில் நடந்துவிட்டான் என்று அதே டிரான்சிஸ்டரில் செய்தி சொன்னார்கள். பூட்ஸோடு நடந்தார்களாம். ஈஸ்வரன் கோபிக்கவில்லை. அந்தப் பிரதோஷத்துக்கும் அபிஷேகம் நடந்தது. நானும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். ராஜம்மா செய்தியைக் கேட்டாள். எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஈஸ்வரனைப் பற்றிய கவலை கால்வாசிதான். ‘எழுதியவர் ராஜம்மா’ என்று ரேடியோ சொன்னால், சந்தையில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள்? முக்கால்வாசிக் கவலை அதுதான். அதற்குத்தான் சாமியைத் துணைக்கு இழுத்தேன். திருநீறு பூசிக்கொண்டு செய்கிற தப்புக்கு யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை — கவனித்திருக்கிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். மறுபடியும் எழுது, நானே தபாலில் சேர்க்கிறேன் என்றேன்.

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “அந்தப் புள்ள ஆத்தோட போயிட்டாளுங்க. இனி எங்க போயித் தேடறது?”

இதுவரை எழுதி அவளிடம்தான் கொடுத்தேன். படித்தாள். உறையில் விலாசம் எழுதி, தபாலாபீசுக்குக் கிளம்பி நிற்கிறாள்; இந்தக் கடைசி வரிகள்தான் பாக்கி.

போகிற வழியில் ஆறு இல்லை. இருந்திருந்தாலும் என் எழுத்தை அவள் அதில் விடமாட்டாள்.