நான் நிரப்பிய வெற்றுக் கட்டங்கள்

ஒரு மனிதரின் சாவில் எனக்குப் பங்குண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

ராணுவம் புது லாரிகளை எப்போது வாங்க வேண்டும், எத்தனை வாங்க வேண்டும் என்று கணித மாதிரி போட்டுச் சொல்வது என் வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் காணாத பனிமலை லாரிகளுக்கு ஜோசியரைப் போல ஆயுள் கணித்தேன்.

பழுதுபார்ப்புப் பதிவேட்டில் சில வண்டிகளின் வரிசை பாதியில் நின்றிருந்தது. அதன்பின் வெறும் கட்டங்கள். விவரம் விடுபட்ட இடத்தில் மற்ற வண்டிகளின் சராசரியை இட்டு நிரப்புவது எங்கள் தொழில் வழக்கம். நிரப்பினேன். பழைய லாரிகளே இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்று விடை வந்தது.

அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் காலையில், பதிவேட்டைத் தந்த எழுத்தர் தொலைபேசியில் சொன்னார்: "அது விட்டுப்போனது இல்ல சார். அந்த வண்டிங்க ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியே வரல."

திரும்பி வந்தவற்றின் நலத்தை, திரும்பாதவற்றின் பெயரில் எழுதியிருக்கிறேன்! ஆனால் மேலதிகாரி அந்த விடையைப் பார்த்து ஏற்கெனவே என்னைப் பாராட்டியிருந்தார். திருத்தினால் பெயர் கெடும். அப்படியே அனுப்பினேன். சுயநலம்தான், வேறென்ன?

கீழ்வீட்டில் குடியிருக்கும் செல்வியின் கணவர் தினகரன், முசரவாக்கத்துக்காரர், ராணுவ லாரி ஓட்டுநர். அவர் விடுப்பு முடிந்து கிளம்பிய அன்று செல்வி என்னிடம் கேட்டாள்: "அண்ணா, பிரேக் சரியில்லன்னு சொல்லிக்கினே இருக்காரு. புது வண்டி குடுப்பாங்களா?"

"பழசே நல்லா ஓடும்மா. நான் கணக்கு பாத்துட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயையாவது மூடிக்கொண்டிருக்கலாமே...

பனிமலைப் பாதையில் அவருடைய லாரி பள்ளத்தில் விழுந்தது. தினகரன் உயிரோடு வரவில்லை.

அடுத்த பதிவேட்டைத் திறந்தேன். பாதியில் நின்ற வரிசைகளில் புதிதாக ஒன்று கூடியிருந்தது. இப்போதெல்லாம் பட்டப்பகலில், தெருவில் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கட்டங்களுக்குள்ளிருந்து யாரோ பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கும் ஓசை எனக்குக் கேட்கிறது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தால் நின்றுவிடுகிறது.

நேற்று வாசலில் செல்வி தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வண்டி மேல குத்தம் இல்லம்மா. மாடி மாமாவே கணக்கு பாத்து சொன்னாரு. உங்கப்பாதான் ஓட்டறப்ப தூங்கிட்டிருப்பாரு."

படியிறங்கி வந்த என்னைக் குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

"அப்பா தூங்கிட்டாரா மாமா?"

ஆம் என்று தலையசைத்தேன்.