இணையம் போன ஞாயிற்றுக்கிழமை

மென்பொருள் நிறுவனத்தில் பல வருடங்களாகக் குப்பை கொட்டுகிறவன் வீட்டில் இணையம் நின்றுபோனால் யாருக்கும் அனுதாபம் வராது. முகப்பேரில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் விடிந்தது. ஆசிரியையான என் மனைவி, மதியத்துக்குள் மாணவர்களின் மதிப்பெண்களைப் பள்ளித் தளத்தில் ஏற்றியாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"தள்ளு, நான் பாக்கிறேன்" என்றேன். அதைச் சொல்லத்தானே அவ்வளவு படித்தேன்.

மோடத்தை அணைத்துப் போட்டேன். பலனில்லை. தீர ஆலோசித்து, இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். பிறகு கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதிச் செருகினேன். ஊதுவதை எந்தப் பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார் என்று நினைவில்லை.

"என் போன்ல வருதுங்க. அதே வைஃபைதான்" என்றாள் அவள்.

"போன் வேற, கம்ப்யூட்டர் வேற. இது லைன் கோளாறு."

சொன்னதோடு நிற்கவில்லை. குடியிருப்போர் வாட்ஸப் குழுவில், இணைய இணைப்பு தருகிறவர்களின் பொறுப்பின்மை பற்றி மூன்று பத்தி எழுதினேன். உடனே நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலும் வரவில்லை என்று பொங்கினார்கள். எதன் வழியாகப் பொங்கினார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில், ஐம்பதை நெருங்கும் லைன்மேன் பாரிவாக்கத்திலிருந்து பைக்கில் வந்து நின்றார்.

"இன்னா சார், குரூப்புல ஒரே பேஜாராமே? எங்க நெட்டு ஓனர் காலீலயே கத்துறாரு."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு மூன்று முறை ஏதோ தட்டிப் பார்த்தார்.

"லைனு ஷோக்கா கீது சார். நம்பர் அடிச்சா போவுது, பேரு அடிச்சாதான் போவல."

நாம் தட்டுகிற தளத்தின் பெயரை, கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். எனக்குத் தெரியாதா? அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுப்பதே நான்தான்.

அவர் திரையில் இன்னொரு பெட்டியைத் திறந்தார். "டி.என்.எஸ். நம்பரை யாரோ கையால மாத்திகீறாங்க. கடைசில ஒரு நம்பர் தப்பு. யார் சார் போட்டது?"

"தானா மாறியிருக்கும். அப்டேட் எதாவது…" என்று இழுத்தேன்.

"நேத்து சாயங்காலம் வீடியோ பாத்துகிட்டே ஏதோ மாத்தினீங்களே?" என்றாள் மனைவி. "இனிமே நெட் பறக்கும் பாருன்னு சொன்னீங்க."

லைன்மேன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எண்ணை அழித்து, பழையபடி ஆக்கினார். பக்கம் திறந்தது. மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "வரேன்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குள் குழுவில் எனக்குப் பாராட்டு விழாவே தொடங்கியிருந்தது. நான் குரல் கொடுத்ததால்தான் தங்கள் வீட்டிலும் சரியானதாம். கைகூப்பும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நாமும் ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் கை போனது. மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"கோளாறு என் கம்ப்யூட்டரில்தான். நான்தான் கெடுத்தேன். லைனில் தவறே இல்லை. மன்னிக்கவும்" என்று எழுதினேன்.

கைகூப்பும் படங்கள் சட்டென்று நின்றன. கடைசியில் இரண்டாவது மாடிக்காரர் கேட்டார்: "அப்ப எங்க வீட்டுல சரி பண்ணது யாரு சார்?"