வளைவில் ஒரு கடல்

அந்த வீடியோ கேம் கம்பெனியில் எல்லோரும் அவளை 'ரோட்டுக்கார அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் நகரம் முழுவதற்கும் சாலை போட்டவள் அவள். நாற்பத்திரண்டு வயது, எவருக்கும் மசியாத பிடிவாதம். ஆடுகிறவன் காரில் ஏறினால், எங்கேயும் காத்திருக்காமல் நகரத்தின் எந்த மூலைக்கும் போகவேண்டும் என்பது அவள் ஆசை. அந்தக் காலத்தில் அது பேராசை.

குறுக்கே நின்றது இயந்திரம். அதன் நினைவகம் ஒரே நேரத்தில் நாலு தெருவுக்கு மேல் தாங்காது. கார் போகப் போக அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து படித்து எடுக்கவேண்டும். நீளமான நேர்ச்சாலையில் காரை விரட்டினால் டிஸ்க்குக்கு மூச்சு வாங்கியது. சாலை பாதியில் அறுந்து, கார் வெறும் வெளியில் விழுந்தது.

முதலாளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். வெள்ளிக்கிழமை அவரே ஓட்டிப் பார்ப்பாராம். ஒரு தடவை விழுந்தாலும் நகரத்தை நாலாக வெட்டி, நடுவில் 'காத்திருக்கவும்' என்று பலகை மாட்டிவிடவேண்டுமாம். இரண்டு வருட உழைப்பு. அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

காரின் வேகத்தைக் குறைத்துவிடலாமே என்றார்கள் சிலர். நத்தை ஓட்டவா காசு கொடுத்து வாங்குகிறான் என்று சீறினாள். சாலையில் வேகத்தடை போட்டுப் பார்த்தாள். நாள் முழுக்க ஆடிப் பிழை கண்டுபிடிப்பதே வேலையான 'மோதல்' என்கிற பட்டப்பெயர்க்காரன், தடையில் ஏறி வானத்தில் பறந்து, குஷி தாங்காமல் இன்னும் வேகமாகத் திரும்பி வந்தான். அவள் பார்த்த பார்வையில் அவன் எரிந்து போகாதது ஆச்சரியம்.

வியாழன் மாலை, புருஷன் ஓட்டும் பஸ்ஸில் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்பினாள். பாலம் தாண்டியதும் வண்டியின் வேகம் லேசாகத் தளர்ந்தது. சிக்னல் இல்லை, நிறுத்தமும் இல்லை. இடதுபக்கம் கட்டடங்கள் விலகி ஏரி தெரிந்தது, அவ்வளவுதான்.

"என்னங்க, இங்க ஏன் மெதுவாப் போனீங்க?"

"நானா? இல்லையே."

பதினெட்டு வருடமாக அதே வழியில் ஓட்டுகிற மனுஷர், சத்தியமாகத் தெரியாமல்தான் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆபீஸில் இருந்தாள். நேர்ச்சாலையின் நடுவில் ஒரு வளைவு போட்டாள். அங்கே கட்டடங்களைத் தூக்கிவிட்டுக் கடலை வைத்தாள். ஒரே நீலத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கடல்; ஒரு பெட்டிக்கடைக்கு ஆகும் நினைவகம்கூட அதற்கு ஆகாது. பெரிய இயந்திரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நகரம் கட்டுவார்கள். நாலு தெருவுக்குத்தான் இடம் என்ற இயந்திரத்தில் கடலைக் கொண்டுவர இவளைப் போல ஒருத்தி வேண்டும். மோதல் பத்து தடவை ஓட்டினான். ஒன்பது தடவை பிழைத்தான். ஒருமுறை கடலைப் பார்க்காமலே பாய்ந்து விழுந்தான்.

பதினோரு மணிக்கு முதலாளி உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் முழு வேகம். வளைவு வந்தது, கடல் விரிந்தது. வேகப் பொத்தானில் இருந்த அவர் விரல் தானாகத் தளர்ந்தது. அப்புறம் மறுபடி அழுத்தி, நகரத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பினார்.

"அந்தக் கடல் நல்லா இருக்கும்மா. சரி, அடுத்த தெரு லோடாகிற இடத்தைக் காட்டு."

"அது, நீங்க கடலைப் பார்த்துட்டிருந்தப்பவே ஆயிடுச்சு சார்."