துப்பாக்கிக்கு அளவெடுத்த நாள்

2006ஆம் ஆண்டின் கோடைகாலம் அது. லண்டன் நோர்பரியில், இன்றும் நாங்கள் குடியிருக்கும் இதே வீட்டில்தான் நடந்தது. நான் வீட்டின் முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். கோடை வந்தால் கல்யாணமும் பெரியபிள்ளையானவர்களுக்குச் சாமத்தியச் சடங்கும் வரிசையாக வரும், எனக்கு நிமிர நேரம் இருக்காது. என் கணவர் வீடுகளுக்குச் சமையலறை அலுமாரி பொருத்துகிறவர். வாரம் முழுக்க மரம் அறுத்துவிட்டு, சனிக்கிழமை ஓய்வு என்று சொல்லிக்கொண்டு பின்வளவு ஷெட்டுக்குள் போய் மறுபடியும் மரம் அறுப்பார். என்ன ஓய்வோ!

அவருக்குக் கூட்டாளி ஒருவர். தமிழ்நாட்டுக்காரர், ஸ்ட்ரெதமில் இருந்து வருவார், கம்ப்யூட்டர் வேலை. ஆணியைப் பிடித்தால் விரலில் அடித்துக்கொள்வார், ஆனாலும் ஆசை விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதுவரை செய்தவை, இன்றைக்கும் ஆடுகிற ஒரு முக்காலியும் எந்தக் குருவியும் எட்டிப் பார்க்காத ஒரு குருவிக்கூடும். அவற்றைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் மரம் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பக்கத்து வீட்டில் தனியாக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். நாங்கள் ஜெர்மனியில் இருந்து இங்கே வந்த புதிதில், எந்தக் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதில் தொடங்கி எல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். ஒரு குளிர்காலத்தில் எனக்கு வயிற்றுவலி பொறுக்க முடியாமல் போனபோது, கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்த நேரம், நள்ளிரவில் இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கணவர் வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னை ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார். முதலில் திகைத்துப் போனேன். பிறகுதான் தெரிந்தது, தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று.

அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறி பார்த்துச் சுடும் கிளப்புக்குப் போவார். காற்றுத் துப்பாக்கி. மிளகு அளவு ஈயக் குண்டைக் காற்றின் விசையில் தள்ளி, கடதாசி அட்டையில் வட்டத்தைத் துளைப்பது. இளவயதில் இருந்தே அது ஒன்றுதான் அவருக்கு விளையாட்டு, சிநேகிதர்கள் எல்லாரும் அங்கேதான். அந்தக் கோடைக்கு முந்தின குளிர்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. முகம் ஒருபக்கம் இழுத்து, வலது கை சோர்ந்துவிட்டது. துப்பாக்கியை வலது தோளில் வைக்க ஏலாது என்று ஆனபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கையசைத்தால் இடது கையைத் தூக்குவார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கணவர் சுற்றி வளைத்துத் தொடங்கினார்.

“இஞ்சரும், ஒரு மர வேலை வந்திருக்கு. பக்கத்து வீட்டு மனுசனுக்கு.”

“கதிரையோ?”

“இல்லை. தோளிலை வைச்சுப் பிடிக்கிற ஒரு கட்டை.”

ஒன்றும் விளங்கவில்லை. வேறு யோசனையில் தலையாட்டிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பின்வளவில் கொடியில் துவாய் காயப்போட்டுக் கொண்டிருந்தேன். வேலிக் கதவால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். தமிழ்நாட்டுக்காரர் ஓடிப்போய் வாங்கி, புல்லில் வைத்துத் திறந்தார். உள்ளே துப்பாக்கி.

துவாய் கையில் இருந்து விழுந்தது எனக்குத் தெரியாது. எப்படி வீட்டுக்குள் வந்தேன், எப்போது கதவைப் பூட்டினேன் என்பதும் தெரியாது. சமையலறை மூலையில் குந்தியிருந்தேன். அது விளையாட்டுத் துப்பாக்கி, ஈயக் குண்டு, கடதாசி அட்டை, எல்லாம் புத்திக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஊரில் சண்டைக்காலத்தில், துப்பாக்கிக்காரர்கள் வந்து சுற்றிவளைப்பு நடத்திய நாட்களில் வளர்ந்தவள் நான். வீதியில் வரிசையாக நிறுத்துவார்கள். தலையை நிமிர்த்தாதே என்று அம்மா சொல்லிச் சொல்லியே கொண்டு போவா. எந்தச் சீருடை என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நிலத்தையே பார்த்து நின்றவளுக்குச் சப்பாத்துகள்தான் தெரியும். அதற்கு மேலே துப்பாக்கியின் அடிக்கட்டை தெரியும். ஒருமுறை அந்தக் கட்டையால் அப்பாவின் தோளில் அடித்த சத்தம் கேட்டது. அப்போதும் நான் நிமிரவில்லை. அடித்தவனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன்.

கணவருக்கு இதெல்லாம் தெரியும். அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உமக்குப் பயமெண்டா நாங்கள் நிப்பாட்டிறம்.”

“வேண்டாம். அந்த மனுசன் பாவம். ஆனா அது வீட்டுக்குள்ளை வரக்கூடாது. என்ரை கண்ணிலையும் படக்கூடாது. அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

வாயால் சொல்லிவிட்டேனே தவிர, பின்வளவுப் பக்கமே போக முடியவில்லை. வெளியே நல்ல வெயில் எறிக்க, நான் உடுப்புகளை வீட்டுக்குள் ரேடியேட்டரின் மேலும் கதவுகளின் மேலும் விரித்தேன். வீடு முழுக்க ஈர நாற்றம். ஷெட்டுக்குத் தேநீரை ஜன்னலால் நீட்டுவேன். “என்னக்கா, டீக்கடை போட்டுட்டீங்களா?” என்று தமிழ்நாட்டுக்காரர் கேலி செய்வார். முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன்.

ஷெட்டில் வேலை நடந்தது, ஆனால் உருப்படவில்லை. துப்பாக்கியின் பழைய அடிக்கட்டை வலது தோளுக்குச் செய்தது, இனி இடது தோளுக்கு வேண்டும். அதை அப்படியே இடதுபக்கமாகத் திருப்பி வால்நட் மரத்தில் செதுக்கினார்கள். கூட்டாளி கம்ப்யூட்டரில் படம்கூடப் போட்டார். செய்து கொடுத்தால், கழுத்தை அவ்வளவு தூரம் சரிக்கப் பக்கத்து வீட்டுக்காரரால் முடியவில்லை. சோர்ந்த வலது கை, தாங்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. சீவினார்கள், கன்னம் படவேண்டிய இடம் இன்னும் பள்ளமாகிவிட்டது. இன்னொரு மரத்துண்டு வாங்கி முதலில் இருந்து தொடங்கினார்கள். கணவர் இரவில் சாப்பிடும்போது கறியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் காலை முன்கதவு மணி அடித்தது. திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர். வழக்கமாக வேலிக் கதவால் வருகிறவர், கைத்தடியோடு தெருவைச் சுற்றி வாசலுக்கு வந்திருந்தார். தன் தோட்டத்துப் போஞ்சிக்காய் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்.

கொடியில் வாரக்கணக்காக உடுப்பு இல்லாததைக் கவனித்தாராம். கணவரிடம் துருவித் துருவிக் கேட்டாராம். மன்னித்துக்கொள் லவ், எனக்குத் தெரியாமல் போயிற்று, இன்றோடு அந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், துப்பாக்கியைக் கிளப்புக்கே கொடுத்துவிடப் போகிறேன் என்றார். கிழவனுக்கு விளையாட்டுச் சாமான் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, உடுப்பு வெயிலில் காயவேண்டும் என்று சொல்லிப் பாதி முகத்தால் சிரித்தார். மற்றப் பாதி அசையவில்லை.

அவர் திரும்பினார். வலது கையை இடது கையால் தூக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, வாசற்படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். நள்ளிரவில் எனக்காகக் கார் ஓட்டிய கை அது. கதவைச் சாத்திவிட்டு அழுதேன். போஞ்சிக்காய்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் அழுதேன்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஊரில் எவனோ ஒருவன் அடித்த அடிக்கு, நோர்பரியில் ஒரு நல்ல மனுசன் ஏன் ஜன்னலோரம் இருக்க வேண்டும்?

சனிக்கிழமை நேராக ஷெட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் செத்த வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். என்னைக் கண்டதும் கணவர் எழும்பி மேசையை மறைத்தார். மேசையில் மரக்கட்டை மட்டும்தான் கிடந்தது. இரும்பு இல்லாமல் பார்த்தபோது, பிடி உடைந்த துடுப்பு மாதிரி இருந்தது. கண்ணைத் திருப்பாமல் பார்த்தேன். அளவு தவறு என்று எனக்கே தெரிந்தது.

“எப்பிடி அளந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

சுவரோடு நேராக நிற்கவைத்து, கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று அளந்தார்களாம்.

“அந்த மனுசன் என்ன சவமே, நிமித்தி வைச்சு அளக்கிறதுக்கு? கையைத் தூக்கி ஆடப்போற பிள்ளைக்குக் கையைத் தூக்கச் சொல்லித்தான் நான் பிளவுஸ் அளக்கிறனான். அவர் கிளப்பிலை கதிரையிலை இருந்துதானே சுடப்போறார்? அப்ப இருத்தி அளக்க வேண்டாமே? முதல்லை துணியிலை கட்டிப் பார்த்திட்டுப் பிறகுதான் மரத்தை வெட்டவேணும்.”

“ஆமாக்கா, எனக்கும் அப்பவே தோணுச்சு” என்றார் கூட்டாளி.

“தோணினா வாயைத் திறக்கிறதுக்கென்ன, காசே?”

கணவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப ஆர் அளக்கிறது?”

“இஞ்சை தையல்காரி ஆர்?” என்றேன்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சமையலறைக்கு வந்தார். வாசலிலேயே நின்று, இரும்புப் பகுதி முழுவதையும் தன் வீட்டில் பூட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். சாவியைக்கூடத் தூக்கிக் காட்டினார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கணவர் கட்டையைக் கொண்டுவந்தபோது, மேலே குழல் படுக்கிற பள்ளம் வெறுமையாக இருந்தது. அதில் அவர் இடது கை விரலை ஓட்டி, பார், ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டினார். நான் துணியில் கோடு போடுகிற வெண்கட்டியை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. அதற்குப் பிறகு அது என் தையல் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

அவரைக் கதிரையில் இருத்தி, கட்டையை இடது தோளில் வைக்கச் சொன்னேன். கழுத்தைச் சரிக்காதீர்கள், சுகமாக இருங்கள், மரம் உங்களிடம் வரட்டும் என்றேன். கன்னத்துக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி! பிளவுஸுக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சு மெத்தைகளை அடுக்கித் துணிநாடாவால் கட்டினேன். அவை என்ன என்று விளங்கியதும் கூட்டாளி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். வலது கை படுக்க முன்பக்கத்தில் அகலமாக ஒரு தட்டு வேண்டும் என்று மட்டையில் வெட்டி ஒட்டினேன். விரல் மடக்காமலே கை அதில் படுத்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி. கண் அந்தப் பள்ளத்துக்கு நேராக வருகிறதா என்று முன்னால் நின்று பார்க்க வேண்டும்.

“விடும், நான் பாக்கிறன்” என்றார் கணவர். பக்கத்து வீட்டுக்காரரும் உடனே கட்டையைத் தாழ்த்தினார். ஆனால் கோடு போட்டவளே பார்த்தால்தான் கோணல் தெரியும்.

“இல்லை, நான்தான் பாக்கவேணும்” என்று போய் முன்னால் நின்றேன்.

அவர் கட்டையைத் தூக்கினார். என் கண் தானாகக் கீழே போனது, பழகிய இடத்துக்கு. அங்கே சப்பாத்து இல்லை. கட்டம் போட்ட வீட்டுச் செருப்பு, ஒரு காலில் காலுறையும் இல்லை. அந்தக் கையால் இரண்டு காலுறை போட அவருக்குப் பொறுமை இருந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. மெதுவாக நிமிர்ந்தேன். முழங்கால், போர்வை மாதிரிப் பெரிய ஸ்வெட்டர், மரம், வெண்கட்டி. அதற்குப் பின்னால் முகம்.

சாம்பல் நிறக் கண், ஓரத்தில் நீர். அந்தக் கண்ணில் இருந்த பயம் என்னுடையதைவிடப் பெரியது. என்னை நோகடித்துவிடுவேனோ என்ற பயம்.

சரியா லவ், போதுமா என்று கேட்டார்.

“சும்மா அசையாமல் இருங்கோ” என்றேன் தமிழில். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தார். கண் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளியிருந்தது. பக்கத்தில் போய் ஒரு பஞ்சை உருவி எடுத்தேன். மறுபடி முன்னால் வந்து நின்றேன். நேராக இருந்தது. குண்டூசியைக் குத்தினேன். கணவர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். மரத்தூள் விழுந்ததாம், சமையலறையில்!

அந்த அளவில் செதுக்கிய கட்டை பொருந்தியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் எண்ணெய் பூசியதும் கூட்டாளிதான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கிளப்பில் குண்டு போட்டுக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். நான் அங்கே போகவில்லை, போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் ஒரு கடதாசி அட்டையை நீட்டினார். துளைகள் சிதறித்தான் இருந்தன. ஒன்று மட்டும் வட்டத்தின் நடுவில் இருந்தது. இது உன்னுடையது என்றார். பிளவுஸ் வெட்டுவதற்கு நான் வைத்திருக்கும் மாதிரிக் கடதாசிகளோடு அதையும் வைத்திருக்கிறேன்.

பிறகு சில கோடைகள் அவர் அப்படிப் போய்வந்தார். இப்போது அவர் இல்லை. வேலிக் கதவு இருக்கிறது, புதிதாக வந்தவர்கள் அதைத் திறப்பதில்லை.

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் துப்பாக்கியோடு நிற்கும் பொலிஸ்காரர்களைக் கண்டால் இன்றைக்கும் கண் முதலில் சப்பாத்துக்குத்தான் போகும். ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒருபக்கம் மட்டும் சிரிக்கத் தெரிந்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். பிறகு மெல்ல நிமிர்ந்து, அங்கே நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடந்து போகிறேன்.