புஷ்பவள்ளியின் முன் பிரேக்

அந்த உயரமான மோட்டார் சைக்கிளில் புஷ்பவள்ளி பழக ஆரம்பித்ததும், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் காலையில் நடக்க வருகிறவர்கள் நடப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது வயது, குள்ள உருவம், சுடிதாருக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. வண்டியோ அவள் மார்பு உயரம். தார் ரோட்டுக்கும் வயல் வரப்புக்கும் சேர்த்தே செய்த ரகம் அது. எடை குறைவு; டயரில் பல் பல்லாக ரப்பர். மாற்றலாகிப் போன ஒரு சர்வேயரிடமிருந்து கை மாறி வந்திருந்தது.

புஷ்பவள்ளி கால்நடை ஆய்வாளர். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து மாட்டுக்கு ஊசி போடப் படித்தவள். கடல்காரிக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேலி பேசுவார்கள். அதையெல்லாம் அவள் காதில் வாங்கியதில்லை. கன்று தலைகீழாகக் கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பாள். அப்படிப்பட்டவளைச் சில வருஷமாக மஞ்சக்குப்பம் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். மாட்டைப் பார்க்காமல் மாட்டுக் கணக்கை மட்டும் எழுதுவது அவளுக்கு நரகமாக இருந்தது.

2012இல் கீரப்பாளையம் பக்கம் ஓர் இடம் காலியானது. அவள் போய்க் கேட்டாள். அங்கே பாதி ஊருக்கு பஸ் கிடையாது, சினைக்கு வந்த மாடு பஸ்ஸுக்காகக் காத்திருக்காது என்றார் அதிகாரி. ஸ்கூட்டி லைசென்ஸெல்லாம் அந்த வரப்புக்கு உதவாது. கியர் வண்டியில் டெஸ்ட் பாஸ் பண்ணிப் புதன்கிழமைக்குள் வந்து சொன்னால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் விருத்தாசலத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவளுக்கு டெஸ்ட் கிடைத்திருந்ததோ செவ்வாய்க்கிழமை. அதில் தவறினால் மறுபடி முயல நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே சர்வீஸ் நடந்தது. கணவன் கதிர்வேல் அவளுக்கு மாமன் மகன். படகு எஞ்சினோடு வளர்ந்தவன். சுனாமியில் படகு போனபின் பம்ப்செட் பழுது பார்த்தான். மோட்டார் சைக்கிளை அவன் பிரித்ததே இல்லை. எஞ்சின் எல்லாம் எஞ்சின்தானே என்று ஸ்பேனரை எடுத்துவிட்டான். கார்புரேட்டரைக் கழற்றக் கழற்ற, திருகாணிகளைப் புஷ்பவள்ளி இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தாள். ஏர் ஃபில்டர் பஞ்சை மண்ணெண்ணெயில் பிழிந்தபோது சர்வேயர் அளந்த வயலெல்லாம் சேறாக வெளியே வந்தது. பிளக்கைத் தேய்த்தார்கள். கிளட்ச் கேபிளுக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்கினார்கள். சீட்டைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சை அரிவாள்மணையில் அரிந்து உயரத்தைக் குறைத்தாள் அவள். எல்லாவற்றையும் மாட்டி உதைத்ததும் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது பாருங்கள், எதிர்வீட்டு மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி கரி பிடித்த கையாலேயே கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாக வண்டியைக் கழுவினார்கள். தேவனாம்பட்டினத்தில் இரும்பைக் கழுவினால் எண்ணெய் பூசாமல் விடமாட்டார்கள். உப்புக் காற்று ஒரே இரவில் தின்றுவிடும். நங்கூரமானாலும் தாழ்ப்பாளானாலும் ஜன்னல் கம்பியானாலும் ஒரு துடைப்பு உண்டு. கதிர்வேல் கை நீட்டினான். அவள் கேட்காமலே எண்ணெய்த் துணியைக் கொடுத்தாள். செயின், கம்பிகள், போல்ட்டுகள், முன் சக்கரத்தில் பளபளத்த வட்டத் தகடு என்று ஒன்றையும் அவன் விடவில்லை. “அந்தப் பக்கமும் துடை மாமா, காஞ்சி கெடக்குது” என்று அவள்தான் தகட்டின் மறுபக்கத்தைக் காட்டினாள்.

திங்கட்கிழமை விடாமல் மழை. வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கதிர்வேல் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று நம்புகிற ஜாதி கதிர்வேல். அந்த லீவரை அவன் தொட்டதே இல்லை. அவளுக்கோ அது இல்லாமல் முடியாது. எப்போதோ ஒரு ஜெர்சி மாடு உதைத்ததில் இடது முழங்கால் அவ்வளவாக பலமில்லை. நிற்கும்போது வலது காலைத்தான் ஊன்றுவாள். வலது கால் தரைக்கு இறங்கிவிட்டால் கால் பிரேக்கை யார் மிதிப்பது? வண்டியை நிறுத்துவது முழுக்கக் கை லீவர்தான்.

அங்கே வரிசையில் நின்ற பையன்கள் வண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “அக்கா, ஏறுறதுக்கு ஏணி எடுத்தாந்திருக்கீங்களா?” என்றான் ஒருவன். ஏணி இருக்கு, நீ வந்து பிடி என்றாள் அவள். சிரிப்பு அடங்குவதற்குள் ஏறி, ஒரு சுற்றுப் பழகிக்கொள்ளலாம் என்று பின்பக்க மண் தரைக்கு வண்டியை விட்டாள்.

வேலி வந்தது. லீவரை அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். வெண்ணெயில் வைத்த கத்திபோல வழுக்கிக்கொண்டே போய்க் காட்டாமணக்குப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது வண்டி. அவளுக்கு அடி இல்லை. இறங்கி நேராக முன் சக்கரத்திடம் போனாள். தகட்டைத் தொட்டு விரலைப் பார்த்தாள். ஓடிவந்த கதிர்வேலின் முகத்துக்கு நேராக அந்த விரலை நீட்டினாள்.

“துரு புடிக்கக் கூடாதுன்னுதானே...” என்று அவன் ஆரம்பித்தான்.

“இது நங்கூரமா மாமா? நிக்கிறதுக்கு வச்ச தகடு.” சொன்னவளுக்கே அடுத்த நொடி மறுபக்கத்தைக் காட்டியது யார் என்று நினைவு வந்துவிட்டது. விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் நடுவயதுக்காரர், சிடுசிடுப்பானவர். புஷ்பவள்ளி அவரிடம் மறைக்காமல் சொன்னாள்: பிரேக்கில் எண்ணெய் பட்டுவிட்டது, சரி பண்ணிக்கொண்டு வருகிறேன். வேறு நாள் வாங்கிக்கொண்டு போகலாமே என்றார் அவர். வேறு நாள் எனக்கு இல்லை சார் என்றாள். நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்வரை இருப்பேன், அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டேன் என்றார்.

அவள் ஓடினாள். கதிர்வேல் அதற்குள் சீட்டுக்கு அடியிலிருந்த கருவிகளை எடுத்து, பிரேக்கின் பின்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். தகட்டைக் கவ்விப் பிடிக்கிற கட்டைகள் இரண்டும் வெளியே வந்தன. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தன. உப்புத்தாள் இல்லை. டீக்கடை வாசற்படி சொரசொரப்பான சிமெண்டு. புஷ்பவள்ளி மண்டியிட்டு, தேங்காய் துருவுகிற வேகத்தில் இரண்டையும் படியில் தேய்த்தாள். படியில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. டேங்க் குழாயிலிருந்து பாட்டில் மூடியில் பெட்ரோல் பிடித்துக் கதிர்வேல் தகட்டைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். ஏணி கேட்ட பையனே தன் புதுக் கைக்குட்டையைக் கொடுத்தான். வரிசையில் பாதிப் பேர் இப்போது வண்டியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

மாட்டியாயிற்று. அவள் ஏறி, லீவரை லேசாக இழுத்துப் பிடித்தபடியே தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். ஒன்றும் பிடிக்கவில்லை. மறுபடி போனாள். தகடு சூடேறி, மிச்ச எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. அடுத்த முறை திரும்பி வரும்போது லீவரைத் தொட்டதுமே வண்டி வெடுக்கென்று தலையைக் குனிந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். கதிர்வேல் எண்ணெய்க் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எட்டு போடச் சொன்னார். போட்டாள், கோட்டைத் தொடவில்லை. நீளமாக ஓட்டி வந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். கியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லீவர் அழுந்தியது, முன் சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, வலது கால் தரைக்கு வந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். “இனிமே எண்ணெய கொழம்புல ஊத்துங்கம்மா” என்றார்.

திரும்பும்போது கதிர்வேல் வழக்கம்போல முன்னால் ஏறப் போனான். புஷ்பவள்ளி சாவியைத் தரவில்லை. “பின்னாடி குந்து மாமா. ஆபீசர் கெளம்புறதுக்குள்ள போயி சொல்லணும்.” அவன் குந்தினான். பையன்கள் சத்தம் போட்டு வழியனுப்பினார்கள்.

அடுத்த வாரம் கீரப்பாளையத்தைத் தாண்டி, பஸ் போகாத ஓர் ஊரிலிருந்து போன் வந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் பாதை களிமண்ணாகிக் கிடந்தது. களத்து மேட்டில் நின்ற விவசாயி, ஆள் அனுப்பி டாக்டரம்மாவைக் கூட்டி வரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரப்புமேல் ஒரு வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. வண்டியும் அவளும் ஒரே நிறம்.

“இந்தச் சேத்துல எப்பிடிம்மா வந்தீங்க?” என்றார் அவர்.

புஷ்பவள்ளி ஏற்கெனவே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்ட ஆரம்பித்திருந்தாள். “அத அப்புறம் பேசிக்கலாம். மாடு எங்க?”