எதிர்வீட்டு வாசற்படி

எனக்கு டெங்கு வந்து பிழைத்ததற்காக, அடுத்த ஆடியில் மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கேழ்வரகு வாங்க வக்கில்லாமல் இல்லை. ஆனால் கடையில் வாங்கினால் அம்மன் ஏற்காதாம். வீடு வீடாகப் படியேறிக் கேட்டு வாங்கியதில்தான் கூழ் காய்ச்ச வேண்டும். தெருவில் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது என்பது அம்மாவின் கட்சி.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஈர மஞ்சள் புடவையோடு அம்மா முன்னால் போக, தலை சொட்டச் சொட்ட நான் பின்னால் போனேன். என் வகுப்புக்காரி ஒருத்தி மாடியிலிருந்து செல்போனைத் தூக்கிப் பிடித்ததும் கூனிக் குறுகிவிட்டேன். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் பயந்தது எதிர்வீட்டு அத்தையின் வாசலுக்குத்தான்.

"இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு." தண்ணீர் லாரிச் சண்டையில் அம்மா அந்த அத்தையிடம் போட்ட சபதம் அது. எங்கள் கொருக்குப்பேட்டைச் சந்தே கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமை; பள்ளிக்கூடம் முழுக்க அளந்திருந்தேன்.

அந்த வீடு வந்ததும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டுப் படியேறினாள். மடியை விரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ள பேர்ல வேண்டுதல். மடிப்பிச்ச போடுக்கா."

அக்காவாமே! எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அத்தை உள்ளே போனாள். வெளியே வந்து நாலு பேர் கேட்கச் சிரிக்கப் போகிறாள் என்று நின்றேன். அவளோ முறம் நிறையக் கேழ்வரகோடு வந்து மடியில் கொட்டினாள். பிறகு என் முகவாயைத் திருப்பிப் பார்த்து, "எளைச்சிப் போய்கீது, நல்லா துன்னக் குடு" என்றாள். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

கேழ்வரகை மில்லில் அரைத்துக் காய்ச்சி, மதியம் தெருவுக்கே கூழ் ஊற்றினோம். அத்தையும் சொம்போடு வந்து வாங்கிப் போனாள். எல்லாருக்கும் ஊற்றி முடித்து அம்மா விரதம் விட உட்கார்ந்தபோது, அந்த வாசலில் ஏற உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டே விட்டேன்.

அம்மா வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரில நீ கண்ணத் தொறக்காம கெடந்தப்பவே அதெல்லாம் பூட்சி" என்றாள்.

தோற்றுப் போனதற்குச் சாக்கு சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. நாளைக்கு எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது என்று யோசித்தபடி, கூழைத் தொடாமல் எழுந்து போனேன்.