திருநீற்றுத் தட்டும் ஜப்பான் படகுக்காரனும்

ஒரு வருடமாக என் மகள் என்னைக் கண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். அவள் தலைக்கு மேலே இருக்கும் சுவிட்சைப் போட நான் கையைத் தூக்கினால் போதும், கண் தானாக மூடும், தோள் காதுவரை ஏறும். கல்லூரியில் படிக்கிற பெண். அவளை ஒரு நாளும் அடித்ததில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்வேன். ஆனால் அவள் கண்முன்னால் அடித்திருக்கிறேன்.

அது போன ஆடியில். வீரகேரளம்புதூர் பக்கம் எங்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா. மதியக் கொடை முடிந்ததும் சாமியாடி பூசிவிடுகிற முதல் திருநீறு மூத்த வழிக்கு, அதாவது எனக்கு. நான் போலீஸ்காரன். சீசன் கூட்டத்தை ஐந்தருவியில் விசில் ஊதி நகர்த்திவிட்டு, நனைந்த காக்கிப் பேன்ட்டோடு வந்து சேர்வதற்குள் என் சித்தப்பா மகன் நெற்றியைக் காட்டிப் பூசிக்கொண்டுவிட்டான். விட்டேன் ஒரு அறை. அவன் கண்ணாடி பறந்துபோய்ப் பொங்கல் அடுப்பில் விழுந்தது. எல்லோரும் என்னைப் பிடித்து இழுத்தார்கள். மகள் மட்டும் பின்னால் நகர்ந்தாள். அன்று நகர்ந்தவள்தான்.

அதன் பிறகு சாப்பாடு, சார்ஜர் தவிர அவளுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை. சாயங்காலம் லேப்டாப்பில் ஒரு ஜப்பான் அனிமே தொடர் பார்ப்பாள். பொம்மைப் படத்தில் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. அந்த ஒன்றுக்காகவே டியூட்டி இல்லாத நாளெல்லாம் உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்துப் போர்க்கதை அது. ஏகப்பட்ட பேரை வெட்டிய ஒருவன், இனி யாரையும் தொடுவதில்லை என்று வாளைப் போட்டுவிட்டு ஆற்றில் படகு ஓட்டுகிறான். வருகிறவன் போகிறவனெல்லாம் அவனைச் சீண்டுகிறான். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

“எப்பம்ட்டி இவன் வாள எடுப்பான்?”

“எடுக்கவே மாட்டாம்ப்பா. அதான் கதையே.”

“பெறவு என்ன எழவுக்கு இதப் பாக்க?”

இன்னொரு நாள் ஒருத்தன் படகுக்காரன் முகத்தில் காறித் துப்பினான். அவன் துடுப்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி அக்கரை வரைக்கும் வந்து சேர்ந்தான். பயந்தாங்கொள்ளிப் பயல் என்றேன்.

“அவனுக்கு அந்த ஆளப் பாத்துப் பயமில்லப்பா. தன் கையப் பாத்துத்தான் பயம்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த ஆடியும் வந்தது. கிளம்பும்போது மனைவி சொன்னாள்: “இந்தத் தடவையும் கை நீட்டினீயன்னா அவ நம்மளுக்கு இல்ல. எங்கயாவது வேலன்னு போயிருவா, வரமாட்டா. பாத்துக்கிடுங்க.” எனக்கும் அது தெரியும். என் கோபத்தின் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது என்பதுதான் சங்கடம்.

எங்கள் வழக்கத்தில் திருநீற்றுத் தட்டு ஏந்துகிறவனுக்குக் கடைசித் திருநீறு. அதனால் இளைய வழியில் யாராவதுதான் அதை ஏந்துவார்கள். “நான் ஏந்துதேன்” என்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது, என் மகளும்தான். பெரிய பித்தளைத் தட்டு. ஒரு கையை எடுத்தாலும் கவிழும். கவிழ்ந்தால் ஊருக்கே ஆகாது.

சித்தப்பா மகன் புதுக் கண்ணாடியோடு வந்து என்னைத் தோளால் இடித்தான். “என்ன அண்ணே, இது ஏதும் போலீஸ் தந்திரமா?” திருநீறு ஒரு பக்கமாகச் சரிந்தது. எனக்கு உள்ளங்கை அரித்தது உண்மை. தட்டை இன்னும் இறுக்கினேன்.

“மொதல்ல நீ பூசிக்கோலே.”

“நீங்க பூசாம நான் எப்பிடிண்ணே?”

போன வருடம் இந்தச் சந்தேகம் உனக்கு வரவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். சாமியாடிக்கு மூச்சிரைத்தது. “யாராவது நெத்தியக் காட்டுங்கலே, சாமிக்குக் கால் கடுக்கு!”

சித்தப்பா மகன் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பைக்குள் போட்டான். என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டு நெற்றியைக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டமெல்லாம் பூசி முடித்த பிறகு, தட்டில் ஒட்டியிருந்ததைச் சாமியாடி வழித்து எனக்குப் பூசினார். அப்பாடா என்றிருந்தது. முதல் திருநீறு போனதில் என் உயரம் ஓர் அங்குலமும் குறையவில்லை.

சாயங்காலம் தென்காசி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகள் சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்து அடுத்த பாகத்தைப் போட்டாள். பாதியில் சார்ஜ் குறைந்தது. சுவிட்சு அவள் தலைக்கு மேலே. யோசிக்காமல் எழுந்து கையைத் தூக்கிவிட்டேன், தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அவள் கண் மூடவில்லை. தோள் ஏறவில்லை. கழுத்தை மட்டும் ஒரு பக்கம் சாய்த்துத் திரையைத் தேடினாள்.

“யப்பா, மறைக்காதீய.”